லித்கோ ரைபிள்: பிரித்துத் துடைத்துப் பூட்டும் வரிசை

லீ-என்ஃபீல்டு ரைபிளைக் கையில் எடுப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. முன்கட்டையைக் கழற்றும் முன் பின்கட்டையின் மரையாணியைத் தொடக் கூடாது. பின்கட்டையின் உள்ளே நீளவாக்கில் செல்லும் அந்த மரையாணியின் நுனி சதுரமாக இருக்கும். முன்கட்டையின் பின்முனையில் பதித்த சிறு உலோகத் தகட்டின் பள்ளத்தில் அந்தச் சதுர நுனி உட்கார்ந்திருக்கும். துப்பாக்கி சுடும்போது ஏற்படும் அதிர்வில் மரையாணி தானாகத் தளராமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. முன்கட்டை தன் இடத்தில் இருக்கும்போது மரையாணியைத் திருகினால் தகடும் சேர்ந்து திரும்பப் பார்க்கும். எண்பது வயதான மரம் அப்படியே பிளந்துவிடும். பழைய ரைபிள்களில் காணும் முன்கட்டைப் பிளவுகளில் பல இவ்வாறு வந்தவை. இந்த ரைபிளின் மற்ற வேலைகள் எல்லாம் இந்த விதிக்குக் கட்டுப்பட்டே வரிசைப்படுகின்றன.

இங்கே எடுத்துக்கொள்வது ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் லித்கோ சிறு ஆயுதத் தொழிற்சாலையில் 1942இல் செய்த எண் 1 மார்க் 3 ஸ்டார் வகை. அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் இயந்திரங்களைக் கொண்டு 1912இல் திறந்த தொழிற்சாலை அது. பிரிட்டன் எண் 4 என்ற புதிய வடிவத்துக்கு மாறிய பின்னும் ஆஸ்திரேலியா பழைய வடிவத்தை விடவில்லை. கல்கத்தாவுக்கு அருகே இச்சாப்பூரிலும் இதே வகையைத்தான் செய்தார்கள். நம் ஊர்க் காவலர் தோளில் நெடுங்காலம் தொங்கிய ‘த்ரீ நாட் த்ரீ’யும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நீளம் ஏறத்தாழ 1,130 மில்லிமீட்டர், எடை 3.9 கிலோ. குழலின் நீளம் 640 மில்லிமீட்டர். உள்ளே இடப்புறமாகச் சுழலும் 5 வரிப்பள்ளங்கள். மகசின் 10 தோட்டாக்கள் கொள்ளும். ஆஸ்திரேலியாவில் இதை வைத்திருக்க பி பிரிவு உரிமம் தேவை. உரிமம், பதிவு, பூட்டிய பெட்டி ஆகிய மூன்றும் சரியாக இருக்கின்றன என்று கொண்டு வேலையைத் தொடங்குவோம்.

மேசைமேல் பழைய கம்பளி ஒன்றை விரித்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் அகலம் வேறுபட்ட நான்கைந்து திருப்புளிகள், பின்கட்டைக்கென 300 மில்லிமீட்டருக்குக் குறையாத நீளமுள்ள ஒரு திருப்புளி, ஒரு கொட்டாப்புளி, பித்தளைத் துளையுளி, பழைய பல் தூரிகைகள், .303 அளவு வெண்கலத் தூரிகை, பருத்தித் துணித் துண்டுகள், மண்ணெண்ணெய், ஒரு தகரத் தட்டு. திருப்புளியின் நாக்கு திருகின் பள்ளத்தை நீளத்திலும் தடிமனிலும் முழுவதும் நிரப்ப வேண்டும். கடையில் வாங்கும் திருப்புளியின் நாக்கு ஆப்பு வடிவில் சரிந்திருப்பதால் பள்ளத்தின் மேல்விளிம்பை மட்டுமே பிடிக்கும். பலம் கொடுத்ததும் நழுவித் திருகின் தலையைச் சிதைக்கும். சரிவை அரத்தால் ராவி, இரு பக்கமும் இணையாக வரும்படி செய்துகொள்வது அரைமணி நேர வேலை. அதைச் செய்யாதவர் துப்பாக்கியைப் பிரிக்கப் போகாமல் இருப்பது நல்லது.

முதற்படி, தோட்டா இல்லை என்று உறுதிசெய்வது. ரைபிளின் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து மகசினைக் கழற்ற வேண்டும். அதன் கொக்கி விசைக் காப்பு வளையத்தின் உட்புறம் முன்பக்கத்தில் இருக்கிறது. மேல்நோக்கி அழுத்தினால் மகசின் கையோடு வந்துவிடும். பிறகு போல்ட்டைத் திறந்து முழுவதும் பின்னிழுத்து, அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். கண் பார்த்ததை விரலும் உறுதிசெய்த பிறகுதான் அடுத்த படி.

இரண்டாவது, எண்களைக் குறித்துக்கொள்வது. உடலின் வலப்பக்கம், குழல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், மூக்குமூடி, பின்பார்வைத் தகடு, முன்கட்டையின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் தொடரெண் பொறித்திருக்கும். எல்லாம் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் ஒன்றாகப் பொருந்திய துப்பாக்கி. போல்ட் எண் மட்டும் வேறாக இருந்தால் அதைச் சுடும் பயன்பாட்டுக்கு எடுக்கும் முன் தேர்ந்த ஆயுதத் தொழிலாளரிடம் காட்டியே தீர வேண்டும். லீ-என்ஃபீல்டின் போல்ட்டில் பூட்டும் புடைப்புகள் பின்பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் உடலின் பள்ளங்களில் ஒரே அளவில் அழுந்தும்படி தொழிற்சாலையில் கையால் பொருத்தியவை. வேறொரு உடலில் அவை ஒரே அளவில் அழுந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

மூன்றாவது, போல்ட்டை வெளியே எடுப்பது. போல்ட்டைக் கடைசிவரை பின்னிழுத்து, அதன் தலையின் வலப்பக்க நீட்சியை விரலால் மேல்நோக்கி உயர்த்தினால், பிடித்திருக்கும் சிறு பட்டை வில்லை விட்டு ‘டக்’கென்று விடுபடும். தலை மேலே சுழன்றதும் போல்ட் முழுதாகப் பின்னால் வந்துவிடும். கருவி எதுவும் வேண்டாம். குழலை அன்றாடம் துடைப்பதற்கு இதற்குமேல் எதையும் கழற்றத் தேவையில்லை என்பதால் சிப்பாய்க்கு இதுவரைதான் அனுமதி இருந்தது.

மரத்தைக் கழற்றும் வரிசை முன்னாலிருந்து பின்னோக்கிச் செல்கிறது. பயனெட் மாட்டும் மூக்குமூடியின் முன்திருகையும், குறுக்காகச் செல்லும் பின் மரையாணியையும் எடுத்துவிட்டு, மூக்குமூடியைக் குழலின் வாய்ப்பக்கமாகத் தட்டி நகர்த்த வேண்டும். பழைய கிரீஸ் இறுகியிருந்தால் அது அசையாது. துளையுளியை இடப்பக்கமும் வலப்பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் இளகும். அடுத்து நடுவிலுள்ள வெளிப்பட்டையின் திருகை எடுத்து, பட்டையை விரித்துக் கழற்றலாம். முன் மேல்மூடி தானாக வந்துவிடும். பின் மேல்மூடி வில்பிடிகளால் குழலைக் கவ்வியிருக்கும். அதன் பின்முனையில் மெல்லிய இரு காதுகள் இருக்கின்றன. பிடிகளுக்கு நேராகப் பிடித்து மேலே தூக்க வேண்டும்; காதைப் பிடித்து இழுத்தால் காது கையில் வரும். பிறகு முன்கட்டைக்கு அடியிலிருந்து உட்பட்டைத் திருகையும் அதன் சிறு ஸ்பிரிங்கையும் எடுக்க வேண்டும். கடைசியாக விசைக் காப்பு வளையத்தின் இரு திருகுகள்: முன்னது செங்குத்தாகவும் பின்னது குறுக்காகவும் செல்கின்றன.

இப்போது முன்கட்டை விடுபடத் தயார். இங்கே அவசரம் கூடாது. கட்டையின் வாய்ப்பக்க முனையைப் பிடித்து இழுத்தால், அது நெம்புகோலாகி, பின்முனையில் உள்ள தாங்குமுகங்களைப் பெயர்த்துவிடும். சுடும்போது வரும் பின்னுதையை ஏற்கும் இடங்கள் அவை. கட்டையை இரு இடங்களில் பிடித்துக் குழலுக்குச் செங்குத்தாக, ஒரே சீராகக் கீழிறக்க வேண்டும். முன்முனைக்கு அருகே, குழலை மேல்நோக்கித் தள்ளும் சிறு குமிழும் ஸ்பிரிங்கும் கட்டையினுள் இருக்கின்றன. கட்டை விலகியதும் அவை துள்ளி விழும். கம்பளி விரித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதன் பிறகே பின்கட்டை. பித்தளை அடித்தகட்டின் சிறு கதவைத் திறந்து, உள்ளேயுள்ள எண்ணெய்ப் புட்டியையும் இழுகயிற்றையும் எடுத்து, அடியில் அடைத்திருக்கும் தோல் வில்லையைக் கொக்கிக் கம்பியால் இழுத்த பின் நீளத் திருப்புளியைச் செருகலாம். பின்கட்டை உறுதியாக இருந்து, மரத்தில் குறை எதுவும் இல்லையென்றால் அதைக் கழற்றாமல் விடுவதே என் பரிந்துரை. அது போலவே பின்பார்வைக்குக் காவலான இரும்பு இறகுகளையும் முன்கட்டையிலேயே விட்டுவிடலாம். குழலை உடலிலிருந்து கழற்றும் வேலை பட்டறைக்கு உரியது.

சேமிப்புக்கெனப் பூசிய கிரீஸ் ஆண்டுக்கணக்கில் பழுப்பு நிறமாகி, பாகுபோல் இறுகி, எல்லா இடுக்குகளிலும் ஒளிந்திருக்கும். சிறு உறுப்புகளைத் தகரத் தட்டில் மண்ணெண்ணெயில் அரைமணி நேரம் ஊறவிட்டுப் பல் தூரிகையால் தேய்த்தால் வந்துவிடும். உடலையும் குழலையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உடலின் உட்பள்ளங்கள், மகசினின் உள்மூலைகள், பார்வைத் தகட்டின் அடிப்புறம் ஆகியவற்றைக் குச்சியில் சுற்றிய துணியால் இரண்டாம் முறை பார்க்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு அப்பால் செய்ய வேண்டிய வேலை இது. துடைத்த உலோகம் எண்ணெயின்றி நிற்கும் ஒவ்வொரு மணியும் துருவுக்கு வாய்ப்பு. ஆகவே காய்ந்ததும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்துவிட்டே அடுத்ததைத் தொட வேண்டும்.

போல்ட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். தலையைத் திருகிக் கழற்றினால் உள்ளே குத்தூசியும் முதன்மை ஸ்பிரிங்கும் தெரியும். குத்தூசியின் பின்முனை, சேவல் போன்ற உறுப்பில் மரையிட்டு ஏறி, ஒரு குட்டித் திருகால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தக் குட்டித் திருகை முதலில் எடுத்துவிட்டு, உள்ளே செருகும் குழாய்ச் சாவியால் குத்தூசியைத் திருகி வெளியே எடுக்க வேண்டும். ஸ்பிரிங்கின் உள்ளே கெட்டியான கிரீஸ் இருந்தால் குத்தூசி மந்தமாகி, தோட்டா சில நேரம் வெடிக்காது. துடைத்தபின் ஸ்பிரிங்குக்கு ஓரிரு துளி எண்ணெய் போதும். திரும்பப் பூட்டும்போது குத்தூசியின் பின்முனை சேவலின் முகத்தோடு சமமாக வந்து, குட்டித் திருகின் பள்ளம் நேராக நிற்க வேண்டும். போல்ட் தலையின் முகத்திலிருந்து குத்தூசியின் நுனி 0.040 முதல் 0.050 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 1 முதல் 1.3 மில்லிமீட்டர் வரை, வெளியே நீட்ட வேண்டும். தலையைக் கையால் முழுவதும் திருகியதும், அதன் நீட்சி போல்ட்டின் நீள்புடைப்போடு ஒரு கோட்டில் நிற்பது நல்ல பொருத்தம். 20 பாகைக்கு மேல் கடந்து சுழன்றால் தலை தேய்ந்துவிட்டது என்று பொருள்.

குழலின் உட்புறத்தைத் துடைப்பதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று உப்பு. பழைய இராணுவத் தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலின் சுவரில் படிகிறது. சமையல் உப்புக்கு நெருங்கிய உறவான அந்தப் படிவு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஓரிரு நாளில் துருவை எழுப்பும். எண்ணெயில் உப்பு கரையாது. எவ்வளவு விலையுயர்ந்த எண்ணெயைப் பூசினாலும் உப்பு அதன் அடியில் இருந்துகொண்டு தன் வேலையைச் செய்யும். வெந்நீரில் கரையும். அதனால்தான் பிரிட்டிஷ் படையின் தளவாடத்தில் வளைந்த மூக்குடைய புனல் ஒன்று இருந்தது. அறையில் அதன் மூக்கைச் செருகி, குழலின் வாயைக் கீழே சாய்த்து, கொதிக்கும் நீர் 3 லிட்டர் அளவுக்கு ஊற்றுவார்கள். நீர் சூடாக இருப்பதில் இன்னொரு பயனும் உண்டு: எஃகு அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வதால் உட்புறம் சில நிமிடங்களில் தானாக உலர்ந்துவிடுகிறது. பிறகு உலர்துணி, அதன் பிறகே எண்ணெய். இந்த மூன்றின் வரிசையை மாற்றினால் பயன் இல்லை.

இன்னொன்று உலோகப் படிவு. 1910இல் புழக்கத்துக்கு வந்த மார்க் 7 தோட்டாவின் ரவை 174 கிரெயின், அதாவது 11.3 கிராம் எடையுள்ளது. அதன் உறை செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். வரிப்பள்ளங்களின் மேட்டில் அது வெள்ளிப் பூச்சுப்போல் ஒட்டிக்கொள்ளும். அம்மோனியா கலந்த கரைப்பானைத் துணியில் நனைத்துக் குழலில் விட்டு, புட்டியில் குறித்த நேரத்துக்கு மேல் விடாமல் துடைத்தால், துணி நீலமும் பச்சையுமாக வெளிவரும். நிறம் வருவது நிற்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். பல பத்தாண்டுகளின் படிவு ஒரே மாலையில் போவதில்லை. இடையிடையே வெண்கலத் தூரிகையை அறைப்பக்கமிருந்து செலுத்தி, வாய்க்கு வெளியே முழுவதும் வந்த பிறகே திருப்ப வேண்டும். நடுவில் திருப்பினால் தூரிகையின் மயிர்கள் மடங்கி மாட்டிக்கொள்ளும்.

பின்கட்டையிலிருந்து எடுத்து வைத்த இழுகயிறு எளிமையின் அழகு. ஒரு முனையில் பித்தளை எடை. மறுமுனைப் பக்கம் கயிற்றில் மூன்று கண்ணிகள். எடைக்கு மிக அருகே உள்ள கண்ணி கம்பிவலைக்கு, நடுக்கண்ணி துணிக்கு, கடைசிக் கண்ணி, கயிறு உள்ளே சிக்கிக்கொண்டால் பின்னாலிருந்து பிடித்து இழுப்பதற்கு. துடைக்கும் பிளானல் துணியின் அளவு 4 அங்குலத்துக்கு 2. எண்ணெயிடும் துணி 4 அங்குலத்துக்கு ஒன்றரை. அரை அங்குல வேறுபாட்டுக்குப் பொருள் இருக்கிறது: துடைக்கும் துணி இறுக்கமாகச் சென்று அழுக்கைச் சுரண்ட வேண்டும், எண்ணெய்த் துணி சற்றே தளர்வாகச் சென்று எண்ணெயைப் பிழிந்துவிடாமல் பூச வேண்டும். எடையை அறைவழியே விட்டு வாயில் பிடித்து, ஒரே மூச்சில், நேராக இழுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் கயிறு குழலின் வாயை அறுக்கும். பருத்திக் கயிறு எஃகை அறுக்குமா என்று ஐயப்படுபவர், மணல் ஒட்டிய கயிறு பல்லாயிரம் முறை உராய்ந்து முட்டை வடிவாகிப்போன வாய்களைப் பழைய ரைபிள்களில் பார்க்கலாம். கம்பிவலையோ கெட்ட துருவுக்கு மட்டும். அதைப் பயன்படுத்தச் சிப்பாய் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

வெளிப்புறத் துருவுக்கு எண்ணெயும், நான்கு சுழி எனப்படும் மிக மெல்லிய ஸ்டீல் வுல்லும் போதும். எண்ணெயை ஒரு நாள் ஊறவிட்டு மெல்லத் தேய்த்தால் செந்துரு போய்விடும், அடியிலுள்ள கரும்பூச்சு தங்கும். உப்புத்தாளும் பஃப் சக்கரமும் இந்த மேசைக்கு வரவே கூடாது. பளபளக்கும் 1942ஆம் ஆண்டு ரைபிள் தன் வரலாற்றில் பாதியை இழந்தது. எண்ணெய் எது என்பதில் பெரிய வம்பு வேண்டாம். மெல்லிய கனிம எண்ணெய் எதுவும் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மாவின் மண்ணிலிருந்து வந்த ‘ரங்கூன் ஆயில்’தான் துப்பாக்கிகளுக்குப் பேர்போன எண்ணெயாக இருந்தது.

இனி மரம். லித்கோ ரைபிள்களுக்கு குயின்ஸ்லாந்து மேப்பிளும் கோச்வுட்டும் பயன்பட்டன. போர்க்காலத்தில் கட்டைகளைச் செய்து கொடுத்தவர்களில் டென்னிஸ் மட்டைக்குப் பெயர்பெற்ற ஸ்லாசஞ்சர் நிறுவனமும் ஒன்று. ‘ஸ்லாஸ் 42’ என்ற முத்திரை முன்கட்டையில் இருந்தால், அதன் மேல் படும் ஒவ்வொரு தேய்ப்பும் நட்டம். மரத்தினுள் இறங்கிய கிரீஸைச் சூட்டால்தான் வெளியே வரவழைக்க வேண்டும். கட்டையைப் பழைய துணியில் சுற்றி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் இட்டு, கோடை வெயிலில் மதியம் முழுவதும் வைத்தால் கிரீஸ் வியர்த்துத் துணியில் ஏறும். துணியை மாற்றி, மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே செய்ய வேண்டும். பிடிவாதமான கறைக்கு, சுண்ணக்கட்டித் தூளை டர்பன்டைனில் குழைத்துப் பூசிக் காயவிட்டுத் தட்டிவிடலாம். அமுங்கிய இடங்களில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப்பெட்டியின் நுனியால் ஆவி கொடுத்தால், நார் அறுபடாத மரம் மேலெழும்பும்.

தாங்குமுகங்களை விளக்கொளியில் பார்க்க வேண்டும். கோச்வுட் அழுத்தத்தில் நசுங்கக்கூடியது என்பதால் லித்கோவில் அந்த இடத்தில் செப்புத் தகடுகளைப் பதித்தார்கள். தகடு ஆடாமல், அதன் திருகுகள் இறுகி, பின்னால் வெடிப்பில்லாமல் இருந்தால் அது நல்ல கட்டை. மயிரிழை வெடிப்பு என்றால் எப்பாக்சிப் பசையை ஊசியால் செலுத்தி 24 மணி நேரம் கவ்வியில் இறுக்கி வைக்கலாம். பிறகு பச்சை ஆளிவிதை எண்ணெய். உள்ளங்கையில் சில துளி எடுத்துச் சூடு வரும்வரை தேய்த்து, கால்மணி கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிட வேண்டும். நான்கைந்து மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சைவிட மேல். தடித்தது பிசுபிசுப்பாகவே நிற்கும். முன்கட்டையின் உட்புறத்துக்கும் எண்ணெய் வேண்டும், ஏனெனில் ஈரம் முதலில் ஏறுவது அங்கேதான். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிப்பட்டு, குவிந்த துணி தானாகத் தீப்பற்றும். நீரில் நனைத்து, விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.

பூட்டுவது பின்னாலிருந்து முன்னோக்கி. பின்கட்டையைக் கழற்றியிருந்தால் முதலில் அது: மரையாணியை நன்கு இறுக்கி, சதுர நுனி முன்கட்டைத் தகட்டின் பள்ளத்தோடு ஒத்து நிற்கிறதா என்று பார்த்து, பிறகு தோல் வில்லை. குமிழையும் அதன் ஸ்பிரிங்கையும் முன்கட்டையினுள் இட்ட பின், கட்டையைக் கழற்றியது போலவே சமமாக ஏற்றி, பின்முனையில் உள்ளங்கையால் தட்டினால், தாங்குமுகங்கள் இறுக்கமாக உட்காரும். தளர்வாக விழுந்தால் அங்கே தேய்மானம் இருக்கிறது. அந்த ரைபிள் ஒவ்வொரு குண்டையும் ஒவ்வொரு இடத்துக்கு அனுப்பும். விசைக் காப்பின் முன்திருகைச் சுற்றி மரத்தினுள் ஒரு சிறு உலோகக் குழாய் வரவேண்டும். திருகை இறுக்கும்போது மரம் நசுங்காமல் தடுப்பது அதுதான். அது காணாமல்போன ரைபிள்களில் திருகு இறுக இறுக மரம் அமுங்கி, பொருத்தம் முழுவதும் கெடும். அதன்பின் உட்பட்டைத் திருகும் ஸ்பிரிங்கும், மேல்மூடிகள், வெளிப்பட்டை, மூக்குமூடி. முடிந்ததும் குழலின் முனையைக் கட்டைவிரலால் கீழே அழுத்திப் பார்த்தால் சற்று இறங்கி, விட்டதும் மேலே வர வேண்டும். இரண்டு சிறு ஸ்பிரிங்குகள், ஒரு குமிழ், ஒரு பட்டை. இவை நான்கும் சேர்ந்து 640 மில்லிமீட்டர் எஃகை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றன.

இனி அளவு பார்த்தல். குத்தூசியை நீக்கிய போல்ட்டைச் செருகி, அறையில் அளவுக்கட்டையை வைத்து மெல்ல மூட வேண்டும். 0.064 அங்குலக் கட்டையின்மேல் போல்ட் மூட வேண்டும்; 0.074 அங்குலக் கட்டையின்மேல் மூடக் கூடாது. மூடினால் அந்த ரைபிளைச் சுடுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. விசையில் இரண்டு இழுப்புகள் உண்டு: முதலாவது 3 முதல் 4 ராத்தல் எடையில் தளர்வை எடுக்கும், இரண்டாவது 5 முதல் 6 ராத்தலில் விடுவிக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள தடை விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தால், விசையும் அதன் கொக்கியும் ஒன்றையொன்று சரியாகச் சந்திக்கின்றன.

சேமிப்பில் துணி உறை, தோல் உறை எதுவும் வேண்டாம். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். எஃகுப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை வைத்து, ரைபிளைப் படுக்கவைத்தோ வாய் கீழாகவோ நிறுத்தலாம்; வாய் மேலாக நின்றால் எண்ணெய் மெல்ல வடிந்து பின்கட்டை மரத்தில் ஊறி, அதை மென்மையாக்கும். தோட்டா தனிப் பெட்டியில், தனிப் பூட்டில். மாதம் ஒருமுறை எடுத்து, கைரேகை பட்ட இடங்களைத் துடைத்து, குழலில் ஓர் எண்ணெய்த் துணி இழுக்க வேண்டும். அடுத்த முறை சுடுதளத்துக்குக் கொண்டுசெல்லும்போது அந்த எண்ணெயை உலர்ந்த 4க்கு 2 துணியால் இழுத்தெடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, 5 பள்ளங்களும் தடையின்றிச் சுழன்று செல்வதைப் பார்த்த பிறகே போல்ட்டைச் செருக வேண்டும்.